ஃபீட்டா, +2-ஆ? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சண்டையும் குழு உத்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபீட் என்றால் என்ன? எந்தப் பதிப்பை வைத்துப் பேசுகிறீர்கள்?

உங்கள் பாத்திரத்தின் வகுப்பு (ஃபைட்டர், ரோக், விசார்ட் போன்ற தொழில்) தானாகத் தரும் திறமைகளுக்கு மேல், நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கிற கூடுதல் வித்தைதான் ஃபீட். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பில் இது கிடையாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் நுழைந்தது. இந்தப் பக்கத்தில் பேசுவது ஐந்தாம் பதிப்பு, அதிலும் 2014 விதிநூல். 2024 திருத்தத்தில் மாறியவற்றுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

2014 விதிப்படி 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் ஒரு பண்பு மதிப்பை (பலம், சுறுசுறுப்பு, உடல்திடம் போன்றவை) +2 உயர்த்தலாம், அல்லது இரண்டை +1 உயர்த்தலாம். டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) அனுமதித்தால் அதற்குப் பதிலாக ஒரு ஃபீட் எடுக்கலாம். ஃபைட்டருக்கு 6, 14-இலும் ரோகுக்கு 10-இலும் கூடுதல் வாய்ப்பு உண்டு. அனுமதித்தால் என்பதைக் கவனியுங்கள். 2014 நூலில் ஃபீட் விருப்ப விதிதான். பாத்திரத்தை உருவாக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

4-ஆம் லெவலில் ஃபீட் எடுப்பதா, பலத்தை 16-இலிருந்து 18 ஆக்குவதா?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். இணையத்தில் இதற்கு "ஃபீட்தான், சந்தேகமே வேண்டாம்" என்று பதில் சொல்பவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெரிய வாள் ஏந்திய ஃபைட்டர், பலம் 16. வாளுக்கு இரண்டு ஆறுபக்கப் பகடை, சராசரி 7. கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுத்தால், கனமான ஆயுதத்தோடு அடிக்கும்போது விரும்பினால் தாக்குதல் பகடையில் −5 ஏற்றுக்கொண்டு காயத்தில் +10 வாங்கலாம். கிரிட்டிகல் (பகடையில் 20 விழுந்தால் காயப் பகடை இரட்டிப்பு) கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

ஓகர் (ஏசி 11; அடி பட உருட்டி எட்ட வேண்டிய எண்தான் ஏசி): பலம் 18 ஆனால் ஓர் அடிக்குச் சராசரி 8.8 காயம். ஃபீட்டோடு ஓங்கி அடித்தால் 10. ஃபீட் ஜெயிக்கிறது.

ஆர்க் (ஏசி 13): 7.7-க்கு எதிராக 8. ஏறக்குறைய சமம்.

காப்ளின் (ஏசி 15): 6.6-க்கு எதிராக 6. பலம் ஜெயிக்கிறது.

ஹாப்காப்ளின் (ஏசி 18): 4.95-க்கு எதிராக 3. ஓங்கி அடிப்பது இங்கே வெறும் காற்றை வெட்டுகிற வேலை.

ஆக, தனியாளாக நின்று சண்டை போடும் ஃபைட்டருக்கு 4-ஆம் லெவலில் இந்த ஃபீட் அப்படியொன்றும் அள்ளிக் கொடுப்பதில்லை. இதே கணக்கை அட்வான்டேஜோடு, அதாவது இரண்டு இருபதுபக்கப் பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் நிலையில், போடுங்கள். ஓகருக்கு 10.56-க்கு எதிராக 15. ஆர்க்குக்கு 10-க்கு எதிராக 12.8. காப்ளினுக்குக்கூட 9.24-க்கு எதிராக 10.2 என்று தலைகீழாகிவிடுகிறது. ஹாப்காப்ளின் மட்டும்தான் மசியவில்லை.

அந்த அட்வான்டேஜை உங்களுக்கு யார் தரப்போகிறார்கள்? குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் ஃபீட் எடுங்கள். ஆளாளுக்குத் தன் வேலையைப் பார்க்கிற குழு என்றால் +2 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற ஃபீட்களுக்கும் இதே அளவுகோல்தான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் எந்தச் சண்டை ஃபீட்டையும் எடை போட முடியாது.

காப்ளினிடம் எப்போதும் ஓங்கி அடிக்கலாமா?

வேண்டாம். 2014 காப்ளினுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 7தான். பலம் 16 இருந்தாலே வாளின் சாதாரண அடி குறைந்தது 5, சராசரி 10. +10 சேர்த்து 20 காயம் கொடுத்தாலும் செத்த காப்ளின் செத்ததுதான், மிச்சம் 13 யாருக்கும் போய்ச் சேராது. இந்த ஃபீட்டின் இரண்டாவது பாதி இங்கேதான் உதவும்: ஓர் எதிரியை வீழ்த்தினாலோ கிரிட்டிகல் விழுந்தாலோ போனஸ் ஆக்ஷனில் (அதே முறையில் கிடைக்கும் கூடுதல் செயல்) இன்னோர் அடி. சின்ன எதிரிகள் கூட்டமாக வந்தால் சாதாரணமாக வெட்டி, விழுந்ததும் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்று கொடுங்கள்.

அட்வான்டேஜ் எங்கிருந்து கிடைக்கும்?

பல வழி உண்டு. செலவு குறைவானதிலிருந்து சொல்கிறேன்.

விசார்டின் ஆந்தை. அதை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபமிலியர் முதல் லெவல் மந்திரம், 10 பொற்காசுக்குச் சாமான் வேண்டும். ஆந்தையால் தாக்க முடியாது, ஆனால் ஹெல்ப் ஆக்ஷன் எடுக்கலாம். எதிரியின் அருகே பறந்து வந்து தொந்தரவு கொடுத்துவிட்டு, எதிரியின் வாய்ப்புத் தாக்குதலுக்கு (விலகிப் போகிறவர்மேல் விழும் அடி) சிக்காமல் பறந்து போய்விடும். அடுத்து அடிக்கும் நண்பருக்கு அந்த ஓர் அடிக்கு அட்வான்டேஜ். ஹிட் பாயிண்ட் ஒன்றே ஒன்று என்பதால் டி.எம். பொறுமை இழக்கும் நாளில் ஆந்தை காலி.

ஃபேரி ஃபயர். 20 அடிக் கனசதுரத்துக்குள் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) தவறிய எல்லோர்மீதும் உங்கள் மொத்தக் குழுவுக்கும் அட்வான்டேஜ். பார்டும் ட்ரூயிடும் முதல் லெவலிலேயே எடுக்கலாம். என்னைக் கேட்டால் ஆரம்ப லெவல்களில் இதைவிடக் குழுவுக்கு உதவும் மந்திரம் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

கீழே தள்ளுவது. விழுந்துகிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்தால் அட்வான்டேஜ். எழுந்திருக்கப் பாதி நகர்வு செலவாகும். தள்ளியதோடு பிடித்தும் வைத்துக்கொண்டால் நகர்வு பூஜ்ஜியம், எழவே முடியாது.

பார்பேரியனுக்கு இரண்டாம் லெவலிலிருந்து ரெக்லெஸ் அட்டாக் இருக்கிறது. அவர் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. கிரேட் வெப்பன் மாஸ்டர் பார்பேரியனுக்கு இவ்வளவு பொருந்துவது அதனால்தான். ஆனால் அதைப் போட்டால் அடுத்த சுற்றுவரை எதிரிகளுக்கும் அவர்மீது அட்வான்டேஜ். அதைக் குணப்படுத்தும் கிளெரிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

பிளெஸ் மந்திரம் தருவது அட்வான்டேஜ் இல்லை, ஆனாலும் இந்த வரிசையில் சேர்க்கிறேன். மூன்று பேருக்குத் தாக்குதலிலும் சேவிலும் ஒரு நான்குபக்கப் பகடை கூடும், சராசரி 2.5. 5-ஆம் லெவல், பலம் 18 உள்ள ஃபைட்டருக்கு ஏசி 18 எதிரியிடம் பிளெஸ் இல்லாமல் ஓங்கி அடிப்பது நஷ்டம் (5.5-க்கு எதிராக 5.25). பிளெஸ் இருந்தால் லாபம் (6.9-க்கு எதிராக 7.9). கிளெரிக் செலவழித்தது ஒரே ஒரு முதல் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு).

குழுவாக ஆடினால் ஒரு சுற்று எப்படி இருக்கும்? உதாரணம் சொல்லுங்கள்.

எல்லோரும் 5-ஆம் லெவல். எதிரே ஹாப்காப்ளின் கேப்டன்: ஏசி 17, ஹிட் பாயிண்ட் 39, விஸ்டம் 10. விசார்டின் அறிவு 18, ஆகவே சேவ் எண் 15.

விசார்ட் ஆளை உறையவைக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் போடுகிறார். கேப்டன் தப்பிக்க 15 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். 70 சதவீதம் மாட்டிக்கொள்வார். மாட்டினார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர்மீது எல்லோருக்கும் அட்வான்டேஜ், 5 அடிக்குள்ளிருந்து பட்ட அடி ஒவ்வொன்றும் கிரிட்டிகல்.

அடுத்து ரோக். ரேப்பியர் இரண்டு எட்டுபக்கப் பகடை, ஸ்னீக் அட்டாக் (ரோகின் கூடுதல் காயம்) மூன்றுக்குப் பதில் ஆறு ஆறுபக்கப் பகடை, சுறுசுறுப்பு +4. சராசரி 34. கேப்டனிடம் மிச்சம் 5.

ஃபைட்டருக்குக் கை துறுதுறுக்கிறது.

"மச்சி, மைனஸ் அஞ்சு போட்டு ஒரே போடு போட்டுடவா?"

"எதுக்குடா? அஞ்சு பாயிண்ட்தான் இருக்கு. சும்மா வெட்டு."

நண்பர் சொன்னது சரி. அஞ்சு பாயிண்ட்தான் மிச்சம் என்பதற்காக மட்டுமில்லை. கேப்டன் முழு பலத்தோடு இருந்திருந்தாலும், உறைந்து நிற்பவரை ஓங்கி அடிப்பதற்கும் சாதாரணமாக அடிப்பதற்கும் வித்தியாசம் இல்லை: அடிக்கு 14.3-க்கு எதிராக 14.4. கிரிட்டிகல் பகடையைத்தான் இரட்டிப்பாக்கும், ஃபீட் தரும் +10 இரட்டிப்பாகாது. ஆகவே எதிரி செயலிழந்து நிற்கும்போது அடி தவறாமல் விழுவதுதான் முக்கியம். ஃபீட் இருக்கிறது என்பதற்காக எப்போதும் பயன்படுத்தியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

நான் வில்லாளி. ஷார்ப்ஷூட்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

இதற்கும் −5, +10 உண்டு என்பதால் எல்லோரும் அதை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. ஐந்தாம் பதிப்பில் நடுவில் நிற்கும் எந்த உயிரும், நண்பரே ஆனாலும், எதிரிக்கு அரை மறைப்பு; ஏசி +2. குறுகலான சுரங்கத்தில் முன்னால் பார்பேரியனும் பாலடினும் முதுகைக் காட்டி நின்றால் உங்கள் அம்புகளில் பத்தில் ஒன்று அந்த +2-இல் வீணாகும். ஷார்ப்ஷூட்டர் அரை மறைப்பையும் முக்கால் மறைப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. முன்வரிசை தடித்திருக்கிற குழுவில் இதற்கு மதிப்பு அதிகம். நான்கு பேரும் தூரத்திலிருந்து அடிக்கும் குழுவில் அந்தப் பகுதி அவ்வளவாகப் பயன்படாது.

எங்கள் ஃபைட்டர் ஷீல்டு மாஸ்டர் எடுத்ததிலிருந்து வில்லாளிக்கும் அவருக்கும் தகராறு. யார் பக்கம் நியாயம்?

வில்லாளி பக்கம். ஷீல்டு மாஸ்டர், அட்டாக் ஆக்ஷன் எடுத்தபின் போனஸ் ஆக்ஷனில் கேடயத்தால் எதிரியைத் தள்ளிவிட உதவும். விழுந்தவரை அருகிலிருந்து அடிப்பவருக்கு அட்வான்டேஜ், தூரத்திலிருந்து அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் சிறியது. உங்கள் குழுவில் ஒரு வில்லாளி, எல்ட்ரிச் பிளாஸ்ட் போடும் ஒரு வார்லாக் என்றால், ஃபைட்டர் ஒவ்வொரு முறை எதிரியைக் கீழே தள்ளும்போதும் இரண்டு பேருடைய வேலையைக் கெடுக்கிறார்.

தீர்வு ஃபீட்டை மாற்றுவது இல்லை, வரிசையைப் பார்ப்பது. ஃபைட்டருக்கு அடுத்து யார் முறை? ரோக் என்றால் தள்ளலாம். வில்லாளி என்றால் தரையில் தள்ளாமல் 5 அடி பின்னுக்குத் தள்ளலாம், அதற்கும் விதி இடம் தருகிறது. இன்னொன்று: விழுந்தவர் தன் முறை வந்ததும் எழுந்துவிடுவார். உங்கள் முறைக்கும் எதிரியின் முறைக்கும் நடுவே நெருங்கி அடிக்கும் நண்பர் ஒருவர்கூட இல்லையென்றால் தள்ளியதில் பெரிய புண்ணியம் இல்லை.

சென்டினலும் போல்ஆர்ம் மாஸ்டரும் சேர்ந்தால் யாராலும் தாண்ட முடியாது என்கிறார்களே?

2014 விதியில் ஓர் எதிரியைப் பொறுத்தவரை உண்மைதான். கிளேவ் அல்லது ஹால்பர்ட் 10 அடி எட்டும். எதிரி அந்த வட்டத்துக்குள் நுழையும்போதே போல்ஆர்ம் மாஸ்டர் ஓர் வாய்ப்புத் தாக்குதல் தருகிறது. பட்டால் சென்டினல் அவர் வேகத்தைப் பூஜ்ஜியமாக்குகிறது. 5 அடி எட்டும் வாளோடு 10 அடி தள்ளி நின்று விழிப்பார்.

ஆனால் இந்த அடிக்குச் செலவாகும் ரியாக்ஷன் (பிறர் முறையிலும் செய்யக்கூடிய செயல்) சுற்றுக்கு ஒன்றே ஒன்று. அறையின் கதவிலோ பாலத்திலோ நின்றால் கோட்டைச் சுவர். வெட்டவெளியில் ஆறு ஆர்க் ஓடிவந்தால் ஒருவரை நிறுத்துவீர்கள், மீதி ஐந்து பேர் உங்களைச் சுற்றிக்கொண்டு போய் விசார்டைக் குசலம் விசாரிப்பார்கள். அடியும் பட வேண்டும், அதையும் மறக்க வேண்டாம். இந்த ஜோடிக்கு இரண்டு ஃபீட் செலவாகிறது. உங்கள் டி.எம். எப்படிப்பட்ட வரைபடம் போடுகிறார் என்று இரண்டு மூன்று சண்டை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு பேர் சென்டினல் எடுத்தால் இரட்டிப்புப் பலன் தானே?

இல்லை, குறைகிறது! பலர் விட்டுவிடுகிற வரி ஒன்று இருக்கிறது. சென்டினலின் மூன்றாவது பயன்: உங்களிடமிருந்து 5 அடிக்குள் நிற்கும் எதிரி வேறொருவரைத் தாக்கினால் ரியாக்ஷனில் அவரை நீங்கள் அடிக்கலாம், ஆனால் தாக்கப்பட்டவரிடமும் சென்டினல் இருந்தால் முடியாது. அதாவது முன்வரிசையில் தோளோடு தோள் நிற்கும் இருவரும் எடுத்தால், ஒருவர் தாக்கப்படும்போது மற்றவரின் ஃபீட்டில் அந்தப் பகுதி அணைந்துவிடும்.

யாரிடம் இருந்தால் நல்லது தெரியுமா? ரோகிடம். ஸ்னீக் அட்டாக் சுற்றுக்கு ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். விதி சொல்வது முறைக்கு ஒன்று. தன் முறையில் ஒன்று அடித்துவிட்டு, எதிரியின் முறையில் அவன் பக்கத்தில் நிற்கும் ஃபைட்டரைத் தாக்கினால், ரோக் ரியாக்ஷனில் இன்னொரு ஸ்னீக் அட்டாக் போடலாம். எதிரிக்கு இரண்டுமே கெட்ட வழி: ஃபைட்டரை அடித்தால் ரோகின் குத்து, ரோகை அடிக்கலாம் என்றால் ஃபைட்டருக்கு முதுகு. இந்தத் திட்டத்தில் ஃபைட்டர் சென்டினல் எடுக்காமல் இருப்பதே அவர் செய்யும் உதவி.

மந்திரக்காரர்கள் வார் காஸ்டர் எடுப்பதா, ரெசிலியன்ட் எடுப்பதா?

மேலே சொன்ன ஃபேரி ஃபயர், பிளெஸ், ஹோல்ட் பெர்சன் மூன்றுக்கும் கான்சென்ட்ரேஷன் (மந்திரம் கலையாமல் பிடித்துவைக்கும் கவனம்) வேண்டும். அடி வாங்கினால் சேவ். எண் 10, அல்லது வாங்கிய காயத்தில் பாதி, எது பெரிதோ அது. தவறினால் மந்திரம் போச்சு, அதை நம்பி −5 போட்ட ஃபைட்டரும் போச்சு. அதனால் இதைத் தற்காப்பு ஃபீட் என்று மட்டும் பார்க்காதீர்கள். குழுவின் காயக் கணக்கு மொத்தமும் இதன்மேல் நிற்கலாம்.

உடல்திடம் 14 உள்ள 5-ஆம் லெவல் விசார்ட், ஃபீட் இல்லாமல் எண் 10-ஐத் தாண்ட 65 சதவீதம். வார் காஸ்டர் தரும் அட்வான்டேஜோடு 88. ரெசிலியன்ட் (ஒரு பண்பில் +1, அதன் சேவில் பயிற்சி) எடுத்து உடல்திடத்தைத் தேர்ந்தால் 80. உடல்திடம் 15 ஆக இருந்து ரெசிலியன்ட் அதை 16 ஆக்கினால் 85. ஆரம்பத்தில் வார் காஸ்டர் ஒரு படி மேல். லெவல் ஏற ஏற ரெசிலியன்ட் தானாக வளரும், தவிர விஷம், குளிர் போன்ற மற்ற உடல்திடச் சேவ்களுக்கும் கைகொடுக்கும். உடல்திடம் ஒற்றைப்படையில் இருக்கிறதா? ரெசிலியன்ட். ஒரு கையில் மேஸும் மறு கையில் கேடயமும் பிடித்த கிளெரிக்கா? வார் காஸ்டர், கை காலியில்லாமலே மந்திரச் சைகை செய்யலாம். சார்சரர் இரண்டைப் பற்றியும் அவசரப்பட வேண்டாம், உடல்திடச் சேவ் பயிற்சி அவருக்குப் பிறவியிலேயே உண்டு.

யாரும் பேசாத, ஆனால் குழுவுக்கு உதவும் ஃபீட் ஏதாவது?

இன்ஸ்பயரிங் லீடர். 10 நிமிடம் பேசினால் ஆறு பேர் வரைக்கும் லெவலும் கவர்ச்சி மதிப்பின் கூடுதலும் சேர்ந்த அளவு தற்காலிக ஹிட் பாயிண்ட். 4-ஆம் லெவலில் கவர்ச்சி 16 என்றால் ஆளுக்கு 7. நான்கு பேருக்கு 28. முதல் லெவல் க்யூர் வூண்ட்ஸ் சராசரியாக 7.5 தரும், ஆக கிட்டத்தட்ட நான்கு ஸ்லாட். ஒவ்வொரு குறு ஓய்வுக்குப் பிறகும் மறுபடி. பகடை உருட்டும் சுகம் இதில் இல்லை என்பதால் யாரும் எடுப்பதில்லை. அந்த 10 நிமிடப் பேச்சை மேசையில் நிஜமாகவே நடித்துக் காட்டும் பாலடின்கள் உண்டு. இரண்டு வாக்கியத்தில் முடித்தால் எல்லோரும் வாழ்த்துவார்கள்.

யாரை முதலில் அடிப்பது?

ஏற்கெனவே அடிபட்டவரை. ஒரு ஹிட் பாயிண்ட் மிச்சம் இருக்கும் ஓகரும் முழுதாக இருக்கும் ஓகரும் ஒரே பலத்தோடுதான் அடிப்பார்கள். நான்கு பேர் நான்கு எதிரியைப் பாதிப் பாதி காயப்படுத்தினால், அடுத்த சுற்றில் நான்கு அடியும் திரும்பி வரும். நான்கு பேரும் சேர்ந்து இரண்டை முடித்தால் இரண்டு அடிதான் வரும்.

விதிவிலக்கு, எதிரிப் பக்கத்து மந்திரக்காரர். அவர் ஏதோ மந்திரத்தைக் கான்சென்ட்ரேஷனில் பிடித்து வைத்திருக்கிறார் என்றால் ஓர் அம்பாவது அவர்மேல் போகட்டும்.

நான் ஃபயர்பால் போடும் முன் ஃபைட்டர் ஓடிப்போய் நடுவில் நிற்கிறார். என்ன செய்வது?

20 அடி ஆரத்தில் எட்டு ஆறுபக்கப் பகடை, சராசரி 28 காயம். நண்பரும் வெந்துவிடுவார். ஐந்தாம் பதிப்பில் முறையைத் தள்ளிப்போட வழியில்லை. ரெடி ஆக்ஷன் எடுத்துக் காத்திருக்கலாம், ஆனால் ரியாக்ஷன் செலவாகும், 5-ஆம் லெவல் ஃபைட்டருக்கு இரண்டு அடிக்குப் பதில் ஒன்றுதான் கிடைக்கும். அதைவிட எளிது, முதல் சுற்றில் ஃபைட்டர் ஓர் ஈட்டியை எறிந்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பது. சண்டை தொடங்கும் முன்பே "முதல் சுற்று என்னுடையது" என்று விசார்ட் சொல்லிவைத்தால் போதும்.

காயம்பட்டவரை உடனே குணப்படுத்த வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். எதிரிகள் அடிக்கும் வேகத்துக்கு மந்திரம் ஈடுகொடுக்காது. பூஜ்ஜியத்துக்குக் கீழே கணக்கு போகாது என்பதால், விழுந்தவரை ஹீலிங் வேர்டால் 60 அடி தள்ளி நின்று போனஸ் ஆக்ஷனில் எழுப்புவது சிக்கனம். ஒரு பாயிண்டோடு எழுந்தாலும் முழு அடி அடிப்பார்.

ஆனால் அவர் முறை வருவதற்கு முன்பே எழுப்புங்கள். பக்கத்தில் நிற்கும் எதிரி விழுந்துகிடப்பவரை அடித்தால் கிரிட்டிகல், இரண்டு மரணச் சேவ் தோல்வி. மூன்று ஆனால் ஆள் இல்லை. ஓநாய்க் கூட்டத்தோடு மோதும்போது இந்தச் சிக்கனத்தை நம்பாதீர்கள்.

எதிரிகளும் குழுவாக ஆடுவார்களா?

நல்ல டி.எம். இருந்தால் ஆடுவார்கள், விதிநூலே அப்படித்தான் அவர்களை அமைத்திருக்கிறது. கோபோல்டுக்கு 5 ஹிட் பாயிண்ட்தான், ஆனால் உங்கள் பக்கத்தில் இன்னொரு கோபோல்டு நின்றால் அதற்கு அட்வான்டேஜ். ஹாப்காப்ளின், தன் ஆள் உங்களிடமிருந்து 5 அடிக்குள் இருந்தால் முறைக்கு ஒருமுறை இரண்டு ஆறுபக்கப் பகடை கூடுதலாகக் காயம் தரும். ஏசி 18-ஐ முட்டி உடைப்பதைவிட, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எட்டும் இடத்தில் நிற்பது மேல். இரண்டு பேராக வந்தால் ஒருவரைத் தள்ளி விலக்குங்கள். ஷீல்டு மாஸ்டர் கேள்வியில் ஃபைட்டருக்குச் சொன்ன அந்த 5 அடித் தள்ளல் இங்கே பிரமாதமாகப் பலிக்கும்.

2024 விதிநூலில் என்ன மாறியது?

நிறைய. முதல் லெவலிலேயே பின்னணியோடு ஓர் ஃபீட் எல்லோருக்கும் வருகிறது. 4-ஆம் லெவலில் வரும் பொது ஃபீட்களோடு ஒரு பண்பு மதிப்பில் +1-உம் சேர்ந்து வருவதால், "ஃபீட்டா, +2-ஆ" என்ற சண்டை பாதி அடங்கிவிட்டது.

கிரேட் வெப்பன் மாஸ்டரிலும் ஷார்ப்ஷூட்டரிலும் −5, +10 போய்விட்டது. கிரேட் வெப்பன் மாஸ்டர் இப்போது, அட்டாக் ஆக்ஷனில் கன ஆயுதத்தால் பட்ட அடிக்கு உங்கள் பயிற்சி மதிப்பைக் காயத்தில் சேர்க்கிறது. எனக்கு இது கொஞ்சம் வருத்தம். கணக்குப் பார்த்துத் துணிவதில் ஒரு கிக் இருந்தது.

போல்ஆர்ம் மாஸ்டர் தரும் அடி இப்போது வாய்ப்புத் தாக்குதல் என்ற வகையில் வராது. ஆகவே சென்டினல் அதோடு சேர்ந்து எதிரியை வட்டத்தின் விளிம்பில் நிறுத்தாது. பழைய வீடியோ பார்த்து இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குழுவுக்குப் புதிதாகக் கிடைத்தவற்றில் அலர்ட் முக்கியம். இனிஷியேட்டிவ் (முறை வரிசைக்கான பகடை) உருட்டியதும், சம்மதிக்கும் நண்பரோடு உங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ரோக் 22 உருட்டி, விசார்ட் 6 உருட்டினால் மாற்றிக்கொள்ளுங்கள், மேலே சொன்ன ஃபயர்பால் தகராறே வராது. மியூசிஷியன் ஃபீட் ஓய்வு முடிந்ததும் நண்பர்களுக்கு ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் (ஒரு பகடையை மறுபடி உருட்டும் வாய்ப்பு) தருகிறது, அதுவும் லேசுப்பட்டதில்லை.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தில் குழு ஃபீட் என்றே தனியாக இருக்கிறதாமே?

ஆமாம், முதல் பதிப்பில். 2010-இல் வந்த அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் கைடு அந்த வகையைச் சேர்த்தது. பொதுவாக நண்பரிடமும் அதே ஃபீட் இருந்தால்தான் வேலை செய்யும். அவுட்ஃப்ளாங்க் இருவரிடமும் இருந்தால் எதிரியை இருபுறமும் மடக்கும்போது கிடைக்கும் +2, +4 ஆகும். யோசனை அருமை, நடைமுறையில் இருவரும் ஆளுக்கு ஒரு ஃபீட் வாய்ப்பைச் செலவிட வேண்டும், ஒருவர் அன்று வராவிட்டால் மற்றவர் ஃபீட்டும் வீண். அதே நூலில் வந்த இன்க்விசிட்டர் வகுப்புக்கு நண்பர்களிடமும் அந்த ஃபீட் இருப்பதாகவே பாவிக்கும் சலுகை உண்டு.

இலவச விதி ஆவணத்தில் ஃபீட் பட்டியலையே காணோமே?

2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்.ஆர்.டி. 5.1-ஐப் பார்த்திருப்பீர்கள். அதில் கிராப்ளர் ஒன்றுதான் இருக்கிறது. 2024 விதிகளை ஒட்டி 2025-இல் வந்த 5.2-இல் இன்னும் சில சேர்ந்திருக்கின்றன. முழுப் பட்டியலுக்குப் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்தான் வேண்டும். மேசைக்கு ஒரு பிரதி இருந்தால் போதும்.

மற்றவர் என்ன ஃபீட் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லலாமா?

கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள்: "நான் அடுத்த லெவலில் ஃபேரி ஃபயர் எடுக்கப்போகிறேன், உனக்கு உதவுமா?" பேச்சு அங்கிருந்து தானாகப் போகும். சண்டை நடுவே ஒவ்வொருவர் முறையிலும் புகுந்து கணக்குச் சொல்கிறவரோடு உட்கார்ந்து ஆட யாருக்கும் பிடிக்காது, அவர் கணக்கு சரியாகவே இருந்தாலும். சமையல் ஃபீட் எடுத்த ஃபைட்டர் இருக்கட்டும். குறு ஓய்வில் கொஞ்சம் கூடுதலாக ஹிட் பாயிண்ட் தருவார்.

தவறான ஃபீட் எடுத்துவிட்டேன். மாற்ற முடியுமா?

2014 நூலில் அதற்கு விதி இல்லை, டி.எம். மனசு வைத்தால்தான் உண்டு. லெவல் ஏறும் நாளில், சண்டை எதுவும் நடுவில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். இதே ஃபீட்டோடு இரண்டு மூன்று அமர்வு ஆடிப் பார்த்து, எங்கே உதவவில்லை என்று ஓர் உதாரணத்தோடு போனால் பெரும்பாலான டி.எம்.கள் ஒப்புக்கொள்வார்கள். எந்த ஃபீட்டுக்கு மாறுவது என்று முடிவு செய்யும் முன் அன்று மேசையில் இருக்கும் மற்ற மூன்று பேரின் தாள்களையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.